சேஷன் அலம்பிய குடுவை

சேஷனுக்கு ஜாதி பார்க்கிற வழக்கம் கிடையாது. இதை அவரே பல பேரிடம் பல தடவை சொல்லியிருப்பதால் நாம் நம்பித்தான் ஆக வேண்டும். வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, நாலு வீடு தள்ளிப் பெண்ணெடுத்து, பென்ஷன் வாங்குகிற இந்த நாளிலும் அதே தெருவில் காலையில் பால் பாக்கெட்டோடு நடக்கிற மனிதர், "அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு, கேட்டேளா" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். பொய் சொல்கிறவன் முகத்தில் அந்த வெளிச்சம் வராது. சேஷன் பொய் சொல்லவில்லை. விஷயம் அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

ஆபீஸ் கான்டீனில் டீ குடிக்க மாட்டார், அசிடிட்டி. கிறிஸ்துமஸுக்கு யாராவது கேக் கொண்டு வந்தால் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்; தின்ன மாட்டார்; முட்டை. ஒரு வருஷம் முட்டையே போடாத கேக் என்று அடித்துச் சொன்னார்கள். அன்றைக்கென்று அவருக்குப் பல்வலி. கல்யாண வீடுகளுக்குப் போவார், மேடையேறி வாழ்த்துவார், போட்டோவில் நிற்பார். பந்தி தொடங்கும்போது கடைசி பஸ் போய்விடும் என்பார். பட்டப்பகல் பந்தியாக இருந்தாலும் சரி. காரணம் எப்போதும் கையில் தயார். அதில் ஒன்றைக்கூட டாக்டரோ வக்கீலோ தள்ள முடியாது.

இப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களுடைய அசிடிட்டியால் கான்டீன்காரனைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. சேஷனுடையதால் ஒரு பெண்ணின் டாக்டர் பட்டம் போயிற்று. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர் வேலை பார்த்தது திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். பெயர் வேண்டாம். டெக்னிகல் ஆபீசர் என்று பதவி. மரவள்ளிக் கிழங்கு மாவில் எவ்வளவு சர்க்கரை தேறும், பலாச்சுளையில் எவ்வளவு, சாராயக் கழிவில் எவ்வளவு என்று அளந்து சொல்வது உத்தியோகம். முப்பது வருஷத்துக்குப் பக்கம் அதைச் செய்தார். சேஷன் ஒரு எண் சொன்னால் கூடத்தில் மறுபேச்சு கிடையாது. அவ்வளவு கைச்சுத்தம். இந்த இடத்தில் கைச்சுத்தம் என்பதை நீங்கள் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அவர் கையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். வாளிப்பான கழுத்து, வளைந்த மூக்கு. பிதுக்கினால் காய்ச்சி வடித்த தண்ணீர் மெல்லிய கோடாகப் பீய்ச்சும். எல்லா ரசாயனக்கூடத்திலும் உள்ள சாமான்தான். மற்றவர்கள் தேவைப்படும்போது எடுப்பார்கள். சேஷன் எதை எடுப்பதற்கு முன்னும் அதை எடுப்பார். குடுவையானால் ஒரு பீய்ச்சல், கரண்டியானால் ஒரு பீய்ச்சல், யாராவது பேனா இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒரு துளி. கோயில் வாசலில் கால் கழுவ வைத்திருக்கும் மூக்குள்ள செம்புக்கு இங்கே கிண்டி என்று பெயர். கூடத்தில் அவருக்கு 'கிண்டி சேஷன்' என்று பெயர் வந்தது அப்படித்தான். அவருக்கும் தெரியும். சந்தோஷம்தான்.

ரோஸ் அந்தக் கூடத்துக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். அப்பா வேதமாணிக்கம் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தம்பானூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் டீ மாஸ்டர். ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு ஆற்றி ஆற்றிக் கொடுத்தே மகளை எம்.எஸ்ஸி. வரை கொண்டு வந்தவர். மகள் டெல்லிக்காரர்கள் வைத்த பரீட்சையில் தேறி, உதவித்தொகையோடு டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். வழிகாட்டி பணிக்கர் சார். கூடத்துக்கே தலைவர்.

பணிக்கர் அவளுக்குக் கொடுத்த விஷயம் அயனித் திரவம். உப்பு என்றால் நமக்கு ஊறுகாய் ஜாடி ஞாபகம் வரும். உருக்க வேண்டுமானால் கொல்லன் உலை வேண்டும். ஆனால் சில உப்புகளை ஆள் பார்த்துச் சேர்த்துக் கட்டினால், வெந்நீர்ச் சூட்டிலேயே உருகித் தேன் மாதிரி நிற்கும். தண்ணீர் சேர்க்காமலே திரவமாக இருக்கிற உப்பு. அதில் சர்க்கரையைப் போட்டால் கரையும். அத்தோடு நில்லாமல், அந்தத் திரவமே வினையூக்கியாகவும் நின்று சர்க்கரையைப் பிடித்து உலுக்கி அதனுள் இருக்கும் தண்ணீரைப் பிடுங்கி வெளியே எறியும். தண்ணீர் போன சர்க்கரை வேறொரு பொருளாகிறது. அதன் முழுப்பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது, கூடத்தில் எச்.எம்.எஃப். என்பார்கள். பெட்ரோலிலிருந்து இப்போது என்னென்ன எடுக்கிறோமோ, பிளாஸ்டிக், எரிபொருள், மருந்துச் சரக்கு, அதில் பாதியை அதிலிருந்து எடுக்கலாம் என்று அப்போது உலகத்தில் அங்கங்கே நாலு பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். தம்பானூரில் ஒருத்தி.

ஒரே ஒரு இடைஞ்சல். அந்தத் திரவத்துக்கு அடங்காத தாகம். மூடியைத் திறந்து வைத்தால் போதும், காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். குடித்துவிட்டால் வேலை செய்யாது. தண்ணீரைப் பிடுங்க வேண்டியவன் தண்ணீரிலேயே கிடந்தால் என்ன செய்வான்? வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இதைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். ரோஸுக்கு இருந்தது. மூன்று வருஷம் மெனக்கெட்டுக் கடைசியில் பழச்சர்க்கரையில் முக்கால்வாசிக்கு மேல் எச்.எம்.எஃப். ஆகும்படி ஒரு திரவத்தைச் செய்துவிட்டாள். குடுவைக்குள் நல்ல பொன்னிறம். அவள் செய்தபோதெல்லாம் வந்தது.

பணிக்கருக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு மாணவன் செய்த அற்புதத்தை ஜர்னலுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதை யாராலும் செய்ய முடியாமல் மானம் கெட்டு நின்றவர். அதிலிருந்து, எந்த ஆராய்ச்சியானாலும் வேறொரு கை செய்து அதே பலன் வந்தால்தான் கையெழுத்துப் போடுவார். செய்தவர் அப்போது பக்கத்தில் நிற்கக்கூடாது. நல்ல சட்டம். அந்த வேறொரு கைக்குக் கூடத்தில் சேஷன் கையை விட்டால் வேறு எந்தக் கை?

"சேஷா, தான் ஒண்ணு செய்து நோக்கணும்," என்றார் பணிக்கர். அவருடைய மலையாளத் தமிழில் 'தான்' என்றால் 'நீ'. "தனக்கு வந்தா ஞான் பேப்பரை ஜர்னலுக்கு அயச்சு விடும்."

ரோஸ் சீல் வைத்த பாட்டிலை இரண்டு கையாலும் கொண்டுவந்து சேஷன் மேஜையில் வைத்தாள்.

"சார், குடுவையை ஓவன்ல வச்சு நல்லா உணக்கி எடுக்கணும். ஈரம் லேசம்கூடப் படக்கூடாது."

"ஏண்டியம்மா, எனக்கே பாடமா?"

"ஐயோ, பாடமில்ல சார். பயந்தான். இந்தப் பேப்பர் போனாத்தான் ஃபெல்லோஷிப் நீட்டிக் கிட்டும். இல்லேன்னா டிசம்பரோட தீந்துது. அப்பாவும் ஊர்ல ஒரு மாப்பிள்ளையப் பாத்து வச்சிட்டு, நான் எப்பம் தோக்கேன் எண்ணு காத்துட்டு இருக்காவ."

சேஷன் சிரித்தார். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். "வரும், வரும். நீ போய் ஆத்துல நிம்மதியாத் தூங்கு. நான் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு பாட்டிலின் வெளிப்புறத்தை ஒரு பீய்ச்சுப் பீய்ச்சித் துடைத்தார்.

மறுநாள், சொன்னபடி குடுவையை ஓவனில் வைத்தார். ஓவன் பொது. ரோஸ், மற்ற மாணவர்கள், அட்டெண்டர் ஞானையன் என்று யார் யாரோ கை வைக்கிற இடம். குடுவை காய்ந்து, ஆறி, அவர் கைக்கு வந்தது. வந்ததும் இடது கை அதைப் பிடித்தது. வலது கை கிண்டியை எடுத்தது. உள்ளே ஒரு சுற்று. கவிழ்த்து இரண்டு உதறு. இதெல்லாம் நடந்தபோது சேஷன் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை செய்ததை அவர் பார்க்கவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் தண்ணீர் தொட்டுக்கொள்ளாமல் நெய்க்கிண்ணத்தைத் தொடக்கூடாது என்று மூன்று வயதில் பழகிய கை. அதற்கு உத்தரவு தலையிலிருந்து வர வேண்டியதில்லை.

ரோஸின் திரவம் ஒரு கரண்டி அளவு. குடுவைச் சுவரில் நின்றது எட்டுப் பத்துத் துளி. எண்ணெய்ச் சட்டியில் சூடாக்கினார். பொன்னிறம் வரவேண்டிய நேரத்தில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் என்று விட்டார். கறுத்தது. கருவியில் கொடுத்துப் பார்த்தால், எச்.எம்.எஃப். என்று கேலிக்குச் சொல்லலாம், அவ்வளவு.

நேர்மையான மனிதர். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல மாட்டார். இன்னொரு தடவை செய்தார், மூன்றாவதும் செய்தார். ஒவ்வொரு தடவையும் ஓவன். ஒவ்வொரு தடவையும் கிண்டி. ஒவ்வொரு தடவையும் கறுப்பு.

ரோஸ் ஓடி வந்தாள். "சார், எனக்கு இன்னைக்குக் காலத்தகூட வந்துதே! குடுவையை உணக்குனியளா?"

"ஓவன்ல வச்சேனே."

"பாட்டிலை ரொம்ப நேரம் தொறந்து வச்சியளோ?"

"ரோஸ்," என்றார் சேஷன், வருத்தத்தோடுதான், "உனக்கு வரது, எனக்கு வரலைன்னா, தப்பு சரக்குலதானே இருக்கணும்? நான் இந்த வேலைக்கு வந்து எத்தனை வருஷமாச்சு சொல்லு."

சேஷன் கைக்கு எதிராக என்ன சொல்ல முடியும்? பணிக்கரிடம் போய், ஒரே ஒரு தடவை சேஷன் சார் பக்கத்தில் நின்று பார்க்கட்டுமா என்று கேட்டாள். சட்டம் சட்டம்தான் என்றார் பணிக்கர். சேஷன் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒரே வரி: திரவம் நிலையானதல்ல, பலன் மீண்டும் கிடைக்கவில்லை. அழகான கையெழுத்து அவருடையது.

டிசம்பரில் ரோஸ் போனாள். போகிற அன்று எல்லாருக்கும் கேக் கொடுத்தாள். சேஷன் வாங்கிக்கொண்டு, "நன்னா இருப்பே" என்று மனதார வாழ்த்தினார். கண்கூடக் கலங்கிற்று என்கிறார்கள். கேக் ஞானையனுக்குப் போயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் சேஷனுக்கு நிம்மதி. மூன்று வருஷம் நிம்மதியாகத்தான் இருந்தார். இரண்டாயிரத்து ஏழில் பணிக்கர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பினார். முகம் சரியில்லை. அங்கே நாலு தேசத்துக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, அயனித் திரவத்தில் சர்க்கரையிலிருந்து எச்.எம்.எஃப். எடுத்த கதையைப் பெருமையாகச் சொன்னார்களாம். மண்டபம் கை தட்டிற்றாம். பணிக்கரும் தட்டியிருக்கிறார், வேறென்ன செய்வார்?

"எடோ சேஷா, இது தன்னே அல்லே நம்ம ரோஸ் செய்தது?"

"அவ செஞ்சது வரலையே சார்."

"அவளுக்கு வந்ததல்லோ? அவர்க்கெல்லாம் வருந்நது. தனக்கு மாத்ரம் எந்தாடோ வராதே?"

ரோஸ் சீல் வைத்த கடைசி பாட்டில் ஒன்று, ஈரம் புகாத கண்ணாடி ஜாடிக்குள் அப்படியே இருந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னார் பணிக்கர்.

அன்றைக்கு நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் எங்கோ உடைந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது வருஷாவருஷம் வருகிற விசேஷம். கூடத்தில் ஒரு குழாயிலும் சொட்டு இல்லை. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவியும் குழாய்த் தண்ணீர் ஓடினால்தான் ஓடும். ஆகவே அதுவும் இல்லை. சேஷன் ஓவனிலிருந்து குடுவையை எடுத்தார். வலது கை கிண்டியை எடுத்துப் பிதுக்கிற்று. புஸ்ஸென்று காற்று வந்தது. கையை ஒரு மாதிரியாக உதறிவிட்டு, மனசில்லாமல் வேலையைத் தொடங்கினார்.

எண்ணெய்ச் சட்டியில் இறக்கிச் சிறிது நேரத்தில் குடுவைக்குள் பொன்னிறம் படர்ந்தது.

அந்த நிறத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை. கருவியில் கொடுத்தார். ரோஸ் சொன்ன கணக்குக்குச் சற்றுக் கூடவே இருந்தது. ஞானையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எட்டிப் பார்த்து, "நல்ல தேனு போல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. இன்னொரு முறை செய்தார். கறுப்பு.

சேஷன் அன்று மதியம் சாப்பிடவில்லை. பாட்டில் அதே பாட்டில். சர்க்கரை அதே சர்க்கரை. ஓவன், சட்டி, சூடு, எல்லாம் அதே. சரக்கு நிலையானதல்ல என்று ஊரறிய எழுதிக் கொடுத்தவர், நேற்று நின்ற சரக்கு இன்று ஏன் விழுந்தது என்று உட்கார்ந்து யோசித்தார். யோசித்துப் பயனில்லாமல் ஞானையனைக் கூப்பிட்டார். அந்த அறையில் அவரைத் தவிர இருந்த ஆள் அவர்தான்.

"ஞானையா, நேத்திக்கும் இன்னிக்கும் நான் என்னத்தையாவது மாத்திப் பண்ணினேனா? பாத்துண்டுதானே இருந்தாய்?"

"ஒண்ணும் மாத்தல்ல சார். நேத்து குழாய்ல வெள்ளம் இல்லாததுனால கழுவல்ல. அதுதான்."

"எதை?"

"குடுவையைத்தான். ஓவன்ல இருந்து எடுத்து உள்ள ஒரு சுத்து விடுவியளே, எப்பவும் போல."

சேஷன் அவரையே பார்த்தார். "எப்பவுமா?"

"எப்பவும் எண்ணா… எல்லாத்துக்கும் இல்ல சார். பணிக்கர் சார் தாற சாமானம் நேரே எடுப்பிய. அந்த ரோஸுக்குட்டி தந்தாலோ, நான் எடுத்துத் தந்தாலோ, ஒரு சுத்து உண்டு."

"அட பாவி! இதை அன்னிக்கே சொல்லப்படாதா?"

ஞானையன் அசரவில்லை. "அது உங்களுக்க ஆசாரமாக்கும் சார். அதுல நாங்க கேறிப் பேச முடியுமா? பிறகு, நீங்க கழுவாம எடுத்தா எனக்கே ஒருமாதிரி இருக்கும். சாருக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போல எண்ணு நினைப்பேன்."

சேஷன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரம் காயாமல் இருந்தது. இந்த இடத்தில் அவர் ஏதாவது பெரிதாகச் சொன்னார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவர் சொன்னது, "கதவைச் சாத்திண்டு போ" என்பதுதான்.

பணிக்கரிடம் போய்ச் சொல்லத்தான் செய்தார். குடுவையில் ஈரம் இருந்துவிட்டது, தப்பு தன்னுடையது என்றார். ஈரம் எப்படி வந்தது என்று பணிக்கர் கேட்கவில்லை. சேஷனும் சொல்லவில்லை. "எந்து செய்யான் பற்றும் சேஷா, வண்டி போயாச்சில்லே," என்று பணிக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த நாலு தேசத்துக்காரர்களுக்குப் பிறகு இந்தப் பலனை அச்சிட எந்த ஜர்னலும் முன்வராது. ரோஸின் பதிவும் காலாவதியாகிவிட்டது. கடைசியில் பணிக்கரே, "பாவம் குட்டி" என்றார். சேஷனைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அது அவரைப் போய்த் தைத்தது.

வீட்டில் மனைவி சூடாமணியிடம் மட்டும் முழுக்கச் சொன்னார். அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, நீங்கதான் ஒண்ணும் பாக்கறதில்லையே. நான்னா மடி, நான்னா ஆசாரம், நான்னா பழங்காலத்துப் பொம்மனாட்டி. நம்ம பிள்ளை சாய் கல்யாணத்துல என்னை அப்படித்தானே சம்பந்திக்கு அறிமுகம் பண்ணினேள்?"

"சூடா, விளையாடாதே."

"விளையாடலை. நானாவது பண்றதைத் தெரிஞ்சு பண்றேன். அந்தப் பொண்ணு ஒருநாள் இங்கே வந்தாளே, ஞாபகம் இருக்கா? நான் தம்ளர்ல காப்பி கொடுத்தேன். குடிச்சுட்டு அவளே எடுத்துண்டு போய் அலம்பி வச்சா. நான் வேண்டாம்னு சொல்லலை. சொல்லலைங்கறது அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. நீங்க பேப்பர் படிச்சுண்டிருந்தேள்."

"இப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"போய்ச் சொல்லுங்கோ. பணிக்கர்கிட்ட சொன்ன மாதிரி பாதியைச் சொல்லிட்டு வராதேங்கோ." ஒரு அவரைக்காயை ஒடித்தாள். "ஏதாவது கொடுத்தா குடிச்சுட்டு வாங்கோ. அசிடிட்டி, பல்வலின்னு சொன்னேள்னா ஆத்துக்குள்ள விடமாட்டேன்."

ஒரு சனிக்கிழமை சேஷன் தம்பானூருக்குப் போனார். ரோஸ் இருக்குமிடத்தை ஞானையன் விசாரித்துச் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் 'ரோஸ் கெமிஸ்ட்ரி டியூஷன்' என்று போர்டு. என்ட்ரன்ஸ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் படி நிறைய உட்கார்ந்து மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழிநெடுக சேஷன் ஒன்றே ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்தார்: டீ கொடுப்பாள்; கிளாஸில் கொடுப்பாள்; தூக்கிக் குடிக்காமல் வாய் வைத்துக் குடிக்க வேண்டும்; கடைசிச் சொட்டு வரைக்கும்; முகம் மாறாமல்.

"சார்!" ரோஸ் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கணவன் திரவியம் பிசிக்ஸ் எடுக்கிறானாம், பக்கத்து அறையில் அவன் குரல்தான். அப்பா தேடி வைத்த மாப்பிள்ளை இல்லை, தானே பார்த்தது என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு பெண் குழந்தை. "உட்காருங்க சார். பணிக்கர் சாருக்கு சுகமா? ஞானையன் அண்ணன் இன்னும் ஓவனுக்குள்ளதான் சோத்துப் பாத்திரம் வச்சு சூடாக்குதாவளா?"

சேஷன் சுற்றி வளைக்கவில்லை. "உன் திரவம் வேலை செஞ்சுது ரோஸ். பொன்னா வந்தது. நீ சொன்னதுக்கு மேலேயே வந்தது."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "எப்பம்?"

"போன மாசம். குடுவை உலர்ந்து இருந்தது. அன்னிக்கு உலர்ந்து இல்லை."

"ஓவன்ல வச்சேன் எண்ணு சொன்னியளே சார்."

"வச்சேன். எடுத்து… அலம்பினேன்."

"உணக்குன குடுவையையா? என்னத்துக்கு சார்?"

முப்பது வருஷமாகக் கேட்ட மாத்திரத்தில் காரணம் எடுத்துக் கொடுத்த மனிதர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பக்கத்து அறையில் திரவியம் புவியீர்ப்பு விசையைப் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். "நீ தொட்டது," என்று ஆரம்பித்தார் சேஷன். மேலே போக முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

ரோஸ் மேஜை மேலிருந்த சாக்பீஸ் துண்டுகளை ஒன்றாகக் கூட்டினாள். பிறகு பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் சேஷனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க கழுவுவிய எண்ணு எனக்குத் தெரியும் சார். நான் பாட்டிலை வச்சிட்டுக் கதவுகிட்ட போய்த் திரும்பிப் பாப்பேன், நீங்க பீய்ச்சிட்டு இருப்பிய. வந்த முதல் வாரமே பாத்தாச்சு. பரவாயில்ல, பாட்டிலுக்க வெளியதானே கழுவுதாவ, உள்ள இருக்க சாதனத்துக்கு ஒண்ணும் ஆவாது எண்ணு நினைச்சேன்." கூட்டிய சாக்பீஸ்களை டப்பாவில் போட்டாள். "உள்ளயும் கழுவுவிய எண்ணு தோணல்ல."

"நான் பணிக்கர்கிட்ட பேசறேன். மறுபடி பதிவு பண்ணி, வேற விஷயம் எடுத்து…"

"அதெல்லாம் வேண்டாம் சார். இப்பம் இதுவே நல்லாத்தான் போவுது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஒண்ணுமட்டும் சொல்லுங்க. நிறம் எப்படி இருந்துது?"

"தேன் மாதிரி. ஞானையன் சொன்னான்."

"ஆமா," என்றாள். "முதல்ல லேசா சந்தனம் போல வரும். பிறகுதான் தேனு." பிறகு சட்டென்று எழுந்து, படிக்கட்டின் மேல்படிக்குப் போய்க் கீழே பார்த்து டீ சொன்னாள். அப்பா வேதமாணிக்கம் டீ ஆற்றுகிற ஓட்டல் அந்தத் தெருவிலேயே இருந்தது.

டீ வந்தது. ஒரு தட்டில் மூன்று. இரண்டு கண்ணாடி கிளாஸில், ரோஸுக்கும் திரவியத்துக்கும். மூன்றாவது பேப்பர் கப்பில். ரோஸ் பேப்பர் கப்பை எடுத்து, இரண்டு கையாலும், அன்று பாட்டிலை வைத்த மாதிரியே அவர் முன்னால் வைத்தாள்.

சேஷன் அதைப் பார்த்தார். "எனக்கும் கிளாஸ்லயே கொடேன்மா."

"என்னத்துக்கு சார்? கிளாஸ் எல்லாம் கண்டவங்க வாய் வச்சது, கீழ சரியாக் கழுவவும் மாட்டாவ. சுத்தமில்ல." ரோஸ் அன்பாகத்தான் சொன்னாள். "உங்களுக்குப் பேப்பர் கப்புதான் சௌகரியம். அப்பாகிட்ட நான்தான் சொல்லிவிட்டேன்."

டாக்டரோ வக்கீலோ தள்ள முடியாத காரணம். சேஷன் கப்பை எடுத்து வாய் வைத்துக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நல்ல டீ. குடித்து முடித்ததும் கப்பை எங்கே வைப்பது என்று பார்த்தார். ரோஸ் காலால் குப்பைக்கூடையை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள். தட்டில், ரோஸும் திரவியமும் குடித்து வைத்த இரண்டு கிளாஸ்களும் கழுவப் போவதற்காகக் காத்திருந்தன.